அதுவே அழிஞ்சுடுச்சு: வீட்டுக் கணினிக் கோளாறுகளில் தன்வினையின் ஆட்சி

கணினியின் உறுப்புகளைப் பற்றித் தமிழில் நூல்கள் உண்டு. மென்பொருளைப் பற்றி உண்டு. கணினியா கணிப்பொறியா என்று தீராத வழக்கும் உண்டு. ஆனால் அது கெட்டுப்போன கணத்தில் வீட்டார் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை ஆராய்ந்தார் இலர். அவ்வாக்கியமாவது: "நான் ஒண்ணுமே பண்ணல."

இதை ஆராயும் தகுதி எனக்குப் படித்து வந்ததன்று. இருபது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், ஓடாத வீடியோ சிடியை வேட்டி நுனியால் துடைத்து ஓட வைத்தேன். அன்று குடும்பம் கொடுத்த பட்டம் இது. அப்போதிருந்து பிரிண்டர், வைஃபை, டிவி ரிமோட், கேஸ் புக்கிங் வரை பிளக்கில் சொருகும் பொருள், சொருகாத பொருள் எல்லாம் என் துறை.

எல்லையும் பெயரும்

அலுவலகக் கணினிகள் இவ்வாய்வில் சேரா. அங்கே கோளாறுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். எண் வந்தபின் மனிதர் பேசுவதில்லை. இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று வீடுகளும் ஒரு தொலைபேசியும் மட்டுமே.

வீட்டு வழக்கில் இந்தப் பொருளின் பெயர் 'சிஸ்டம்'. மேசைக்கடியில் இருக்கும் பெட்டி 'சிபியு'. உண்மையில் சிபியு என்பது உள்ளே விசிறிக்குக் கீழே ஒளிந்திருக்கும் பிஸ்கட் அளவுச் சில்லு. உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகி வந்ததால் இது சினையாகுபெயர் என்க. இலக்கணப்படி பிழையில்லை. கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "சிபியு ஒண்ணு கொடுங்க" என்று கேட்கும்போதுதான் பிழையாகிறது.

இலக்கணம்

கோளாறு சொல்ல வருபவரின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "ஃபைல் அழிஞ்சுடுச்சு." "செட்டிங் மாறிடுச்சு." "கீபோர்டு நனைஞ்சிருக்கு." "ஸ்கிரீன் கவுந்துடுச்சு." அத்தனையும் தன்வினை. எழுவாய் இடத்தில் பொருள் உட்கார்ந்திருக்கிறது, ஆளைக் காணோம். அதே செயலைப் பிறவினையில் சொல்லிப் பாருங்கள்: அழிச்சேன், மாத்தினேன், நனைச்சேன், கவுத்தேன். உடனே ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்கிறார்.

இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் ஒன்றுமில்லை. பல வினைகளில் ஓர் ஒற்றுதான். அழிந்தது, அழித்தது, நனைந்தது, நனைத்தது, உடைந்தது, உடைத்தது. பேச்சு வழக்கில் ஞகர ஒற்று இருக்கும்வரை வீட்டில் குற்றவாளி இல்லை. சகரம் இரட்டித்தால் இருக்கிறார். மெல்லினம் மூக்கால் பிறப்பது என்று பள்ளியில் படித்தோம். எதற்காக என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இலக்கணப் பகுதியைப் பார்வையிட்டுத் தந்தவர் பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "எல்லாம் சரிதாண்டே. ஆனா தன்வினைன்னாலே பொய்யின்னு எழுதிப்புடாத" என்றார். ஆசிரியர்களுக்கே உரிய தயவு அது என்று அப்போது நினைத்தேன்.

பொய்தான் என்பதற்கு அன்று என்னிடம் சான்று இருந்தது. திரை தலைகீழாவதற்கு, பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினிகளில், கன்ட்ரோல், ஆல்ட், கீழ்அம்பு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு மனிதராவது ஒரு பூனையாவது தேவை. ஸ்கிரீன் கவுந்த வீட்டில் பூனை இல்லை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில், இதே கன்ட்ரோல், ஆல்ட்டோடு இயந்திரத்தை மறுபடி தொடங்கும் மூன்று விசைக் கூட்டை அமைத்தவர் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர். முதலில் மூன்றாவது விசையாக எஸ்கேப்பை வைத்திருந்தார். இடக்கையாலேயே தவறி அமுக்கிவிட முடிகிறது என்று தெரிந்ததும், எட்டத்தில் இருந்த டெலீட்டுக்கு மாற்றினார். "அதுவே ரீஸ்டார்ட் ஆயிடுச்சு" என்ற வாக்கியத்தைப் பிறக்கும் முன்பே தடுக்கப் பார்த்த மனிதர் அவர். நம் உறவினராக இல்லாமல் போனார்.

பூஜை வழக்கு

ஆயுத பூஜைக்கு மறுநாள். எதைத் தொடங்கினாலும் துலங்கும் விஜயதசமி காலை. தாய்மாமா போன் செய்தார்: "மாப்ளே, சிஸ்டம் ஆன் ஆகுது. அஞ்சு எண்றதுக்குள்ள ஆஃப் ஆகுது. பூஜையில வச்சதுலேர்ந்து யாருமே தொடல."

போனேன். அவர் சொன்னபடியே நடந்தது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், அணையும். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று மாமா முடிவு கட்டியிருந்தார். மதர்போர்டு என்றான் அவர் பையன். நான் ஆய்வாளன் என்பதால் உடனே ஒரு முடிவுக்கு வராமல், பெட்டியைத் திறந்து ராமைக் கழற்றி, பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். (தேய்ப்பதில் பாதிக்கு மேல் சடங்குதான். கழற்றி மாட்டுவதிலேயே தொடர்பு சரியாகிவிடும். ஆனால் தேய்க்காமல் மாட்டினால் வீட்டாருக்கு நம்பிக்கை வருவதில்லை.) பயனில்லை.

குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பவர் பட்டனின் நட்டநடுவில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனம் இரவெல்லாம் காய்ந்து இறுகி, பட்டனை அமுக்கிய நிலையிலேயே விளிம்போடு ஒட்டியிருந்தது. பவர் பட்டனை நான்கு வினாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் இயந்திரம் எதையும் கேட்காமல் அணைந்துவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தொட்டதும் ஆன் ஆயிற்று, விடாததால் ஆஃப் ஆயிற்று. நகத்தால் சுரண்டினேன். பட்டன் 'டொக்' என்று வெளியே வந்தது.

"சந்தனம் வச்சது யாரு?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். பையன் போனைப் பார்த்தான். சிறிது நேரம் கழித்து அத்தை சொன்னார்: "பூஜை பண்ணினோம்."

இவ்வழக்கில் கிடைத்த ஒரே தன்மை வினைமுற்று இதுவே. அதுவும் பன்மை.

முன்னோர்

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணினி முரண்டு பிடிக்க, திறந்து பார்த்தார்கள். 70-ஆம் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையாகவே பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்வு இது என்று குறித்து வைத்தார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் இக்கதையைப் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொன்னார். இயந்திரக் கோளாறைப் 'பூச்சி' என்னும் வழக்கு எடிசன் காலத்திலேயே உண்டு. அதனால்தான் 'உண்மையாகவே' என்ற கிண்டல். பதிவேடு இன்றும் பூச்சியோடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அறிஞர்கள் இதில் அறிவியலைக் காண்பர். நான் காண்பது தன்வினை. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அதுவே வந்து விழுந்தது. நம்பாவிட்டால் இதோ, ஒட்டியிருக்கிறோம்.

நம் பக்கத்தில் இந்த இடத்தை வகிப்பது பல்லி. என் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்பை நாடி ஒன்று உள்ளே போய்க் கருகியது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன், இடது வலது வேறுபாடு உள்பட எல்லாம் இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸில் விழுந்தால் என்ன பலன் என்று இல்லை. அனுபவத்தில் கண்ட பலன்: பொருள் நஷ்டம்.

இன்னொரு முன்னோர் வூல்ஃப்காங் பவுலி, 1945-இல் நோபல் பெற்ற இயற்பியலர். அவர் சோதனைக்கூடத்துக்குள் கால் வைத்தாலே கருவிகள் கெடும் என்று நண்பர்கள் கேலி செய்வார்களாம். சக இயற்பியலர் ஓட்டோ ஷ்டெர்ன் தம் கூடத்துக்குள் அவரை விடுவதேயில்லை என்றும் சொல்வார்கள். வீட்டுக் கணினித் துறையில் நிகழ்வது இதன் மறுதலை. ஆய்வாளன் அறைக்குள் வந்ததும் கோளாறு மறைகிறது. "இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, சத்தியமா! நீ வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது." இதற்குக் காரணம் மாயமல்ல. பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது மனிதர் மெதுவாக, வரிசையாக, திரையில் இருப்பதைப் படித்துக்கொண்டே அமுக்குகிறார். தனியாக இருக்கும்போது ஒரே இடத்தில் ஒன்பது முறை தட்டுகிறார். பிரிண்டர் பேசாதபோது பதினான்கு முறை 'பிரிண்ட்' கொடுத்துவிட்டு, அது மறுநாள் பேச ஆரம்பித்ததும் பதினான்கு ரேஷன் கார்டு நகலை எண்ணிக்கொண்டு நிற்பவர் இவரே.

ஆய்வாளன் தோற்ற இடம்

கீழ்வீட்டு மாமியின் லேப்டாப் ஆமை வேகம். "தினமும் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்றீங்களா மாமி?" என்று கேட்டேன். "தினம் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தாம்ப்பா படுத்துக்கறேன்" என்றார்.

நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் 'அப் டைம்' என்று ஓர் எண் வரும். இயந்திரம் எத்தனை நாளாக விடாமல் ஓடுகிறது என்பதைக் காட்டும். 23 நாள் என்றிருந்தது. ஒரு வக்கீலின் நிதானத்தோடு திரையை மாமியின் பக்கம் திருப்பினேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அன்று காபி வரவில்லை.

பிற்பாடு தெரிந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், நம் வேலைகளை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதையே எடுத்து விரிக்கும். சீக்கிரம் எழுந்த மாதிரி இருக்கும். நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்திருக்கும். அப் டைம் எண்ணும் நிற்காமல் ஓடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஆக, மாமி ஒவ்வொரு ராத்திரியும் ஷட் டவுன் செய்தது சத்தியம். செய்யப்படாமல் இருந்தது சிஸ்டத்தின் வேலை.

கீழே போய் விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

இதன்பின் பழைய வழக்குகளைப் புரட்ட நேர்ந்தது. "பேங்க் சைட் எல்லாம் செத்துப்போச்சு" என்ற சித்தியை நான் சந்தேகித்திருந்தேன். அங்கே மதர்போர்டில் இருந்த நாணய அளவுப் பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை; பிரவுசர் கதவைச் சாத்திவிட்டது. பேட்டரியின் பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 கனம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் நேர்மையான பொருள். அது தீர்ந்தது, யாரும் தீர்க்கவில்லை.

பாளையங்கோட்டைச் சான்று

பெரியப்பா புது லேப்டாப் வாங்கிய வாரம் கூப்பிட்டார். பல வருஷத்துக்கு முன் டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய தம் கட்டுரைகளைப் பென் டிரைவிலிருந்து திறந்திருக்கிறார்.

"எழுத்தெல்லாம் இங்கிலீஷா மாறிட்டுடே. நான் ஒண்ணும் செய்யல."

"எதையாவது அமுக்கினீங்களா பெரியப்பா?"

"திறந்தேன். அவ்வளவுதான். அம்மான்னு இருந்த இடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சுன்னு நிக்கி."

பாமினி. அந்த எழுத்துருவில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துதான். 'எம்' என்ற இடத்தில் 'அ' என்று படம் வரைந்து காட்டுவார்கள். எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் வேஷம் கலைந்து ஆள் தெரிந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கென்று சொந்த எண்கள் உண்டு, அகரத்துக்கு 2949. டிடிபி சென்டர்காரருக்கு அன்று அது தேவைப்படவில்லை.

விளக்கி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப நான் மாத்தல. அதுவா மாறிட்டு. தன்வினைதானே?"

"தன்வினைதான் பெரியப்பா."

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லி, மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கினேன். பாமினியில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடித்திருப்பார்கள். யூனிகோடு அதைப் பின்னால் வைத்துக்கொள்ளும். அங்கங்கே கொம்பு இடம் மாறி நின்றது. ஒவ்வொன்றாக நேர்செய்து, ராத்திரி ஒரு மணிக்கு, பழைய கோப்பின் பெயரிலேயே சேவ் கொடுத்தேன். காலையில் பார்த்தால் நாற்பது பக்கத்தில் முப்பத்தெட்டுதான் இருந்தது. பென் டிரைவில் இருக்குமே என்று கேட்டால், பேரன் அதில் படம் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டுப் போன் செய்தேன்.

"பெரியப்பா, எல்லாம் வந்துடுச்சு. ஒரு ரெண்டு பக்கம் மட்டும்... அழிஞ்சுடுச்சு."

"சொல்லுடே" என்றார். "தன்வினையா, பிறவினையா?"