கால் அங்குலமும் நியூ ஜெர்சிப் பேரனும்

மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கினாலே எலியட்ஸ் பீச்சில் நடக்க வருகிறவர்கள் மங்கி குல்லாவோடு வருவார்கள். மற்ற நாளெல்லாம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊர். இங்கே மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்குள்ள ‘குவில்ட்’ போர்வை தைக்கக் கற்றுக்கொள்ள ஆள் வருமா? பெசன்ட் நகரில் வரும். ஃபீஸ் கட்டியே வரும். ஏசியை 18-ல் வைத்துவிட்டு நடுராத்திரியில் ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் குடும்பங்கள் பெருகியது ஒரு காரணம். சென்னையில் இந்தக் கலைக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது இன்னொரு காரணம். டீனா கட்வால் தொடங்கிய ‘தி ஸ்கொயர் இன்ச்’ குவில்ட் ஸ்டூடியோ இங்கேதான் முளைத்தது. 2019-ல் ‘இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்’ நடந்ததும் இங்கேதான்.

நாம் பார்க்கப் போகும் வகுப்பு அவ்வளவு பிரபலமானதல்ல. பஸ் டெர்மினஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஃப்ளாட்டின் ஹால். ஐந்தாறு தையல் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, ஓர் ஆசிரியை. மாணவிகளில் ஒருவர் வங்கி கேஷ் கவுண்டரிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கேஷியர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். “இனிமேலாவது யாரும் எதிரே நின்று கத்தாத இடமாக உட்கார வேண்டும்” என்பதுதான் அவர் இங்கே சேர்ந்ததற்கான காரணம். பாவம்.

குவில்ட் தையலில் எல்லாம் கால் அங்குலத்தில் இருக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். இதில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரு பக்கத் துணியிலும் அது போவதால், ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு காலி. வரிசைக்கு 9 துண்டு என்றால் 8 தையல். ஆக ஒரு முழு அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இன்னும் மோசம், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் கேஷியர் அம்மாவுக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன.

அந்த ஓர் அங்குலத்தை எடுத்துக்கொண்டு போனவர் பக்கத்து மெஷின் மாமி.

வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. அப்போது நியூ ஜெர்சியில் காலை ஏழரை. மாமியின் பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம். மெஷின் மேல் நூல்கண்டில் சாய்த்து போனை நிறுத்திவிட்டு மாமி வீடியோ காலில் உட்கார்ந்துவிடுவார். “பாட்டி என்ன தைக்கறா பாரு! இதோ, பக்கத்து ஆன்ட்டி தைக்கறதையும் பாரு. ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு!” கேஷியர் அம்மா தலையைத் தூக்கி ஹாய் சொல்வார். தூக்கிய கணத்தில் தையல் ஓடிவிடும். பேரன் பால் குடித்தானா, ஆடும் பல் விழுந்ததா, மருமகளுக்கு கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் அத்துப்படி. ஒன்பது கட்டம் சேர்க்கும் ‘நைன் பேட்ச்’ தைக்கும் முறைதான் பாதிப் பேருக்குத் தெரியாது.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தையல் பிரிக்கும் சீம் ரிப்பரை மட்டும் வாங்காமல் வந்து ஊர் முழுக்கக் கடன் கேட்பவர் ஒருவர். “எங்க பாட்டி பழைய புடவையிலேயே தைச்சுடுவா, இதுக்குப் போய் இவ்வளவு காசா!” என்று வாராவாரம் அங்கலாய்த்துவிட்டு, வாராவாரம் புதுத்துணியோடு வருபவர் இன்னொருவர். இஸ்திரிப் பெட்டிக்கு எப்போதும் வரிசை நிற்கும். அங்கே துணியைவிட ஊர்க்கதைதான் அதிகம் சூடாகும்.

ஆசிரியை இதையெல்லாம் பொறுத்துக்கொள்வார், வெட்டும் மேஜையைத் தவிர. அங்கே இருப்பது ரோட்டரி கட்டர். ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979-ல் கொண்டுவந்தது. வட்டமான பிளேடை ஸ்கேலை ஒட்டி உருட்டினால் நாலு மடிப்புத் துணி ஒரே இழுப்பில் நறுக்கென்று வந்துவிடும். விரல் குறுக்கே இருந்தாலும் அப்படித்தான். “யாராவது கூப்பிட்டால் முதலில் பிளேடை மூடுங்க, அப்புறம் திரும்புங்க” என்பது ஆசிரியையின் சட்டம்.

ஒருநாள் மாமி, பல் டாக்டர் சொன்னதை விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தார். கேஷியர் அம்மாவும் ‘உம்’ கொட்டிக்கொண்டே நீளமான ஒரு பட்டையைத் தைத்து முடித்தார். மெஷின் சத்தம் சரியாக இருந்தது, துணி ஒழுங்காக நகர்ந்தது, கோடு அம்பு மாதிரி நேர். எடுத்துப் பிரித்தால் இரண்டு பட்டையும் தனித்தனியாகக் கையோடு வந்தன. பாபினில் நூல் எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கிறது. மேல்நூல் மட்டும் சும்மா படுத்திருக்க, அடியில் வெறும் ஊசித்துளைகள்.

பெரிய விபத்து அதற்கு அடுத்த வாரம். “சிவப்புத் துணியைத் தைக்கறதுக்கு முன்னாடி தண்ணியில நனைச்சு, சாயம் போகுதான்னு பாருங்க” என்று ஆசிரியை சொன்ன நேரம், கிரீன் கார்டு விவகாரம் உச்சத்தில் இருந்தது. யார் காதிலும் விழவில்லை. தி. நகரில் வாங்கிய நல்ல சிவப்புக் காட்டன். தைத்து முடித்த மேல்துணிகளை அலசியபோது, வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜாப்பூ நிறத்துக்கு வந்திருந்தன. வரிசையாகக் கொடியில் தொங்கிய அவற்றைப் பார்த்து ஆசிரியை வாய் பேசாமல் நின்றார். மாமி மட்டும், “ஒரே செட்டா இருக்கே!” என்றார்.

மெட்ராஸ் துணிக்கு இது புதிதில்லை. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கினார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லியே கொடுத்தார். ஜேக்கப்சன் அதை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றபோது, துணி போனது, அந்த ஒரு வாக்கியம் மட்டும் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் வீட்டு மெஷினில் போட, சாயம் ஓட, புகார் குவிந்தது. வழக்கு வரைக்கும் போக இருந்த விஷயத்தைக் கடைசியில் விளம்பரமாகத் திருப்பினார்கள்: சாயம் போவதுதான் இதன் அழகு, துவைக்கத் துவைக்கப் புதுநிறம் வரும் என்று. ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று அதே துணிக்கு மவுசு கூடியது. ஆசிரியை இந்தக் கதையைச் சொன்னது ஆறுதலுக்காக. கேஷியர் அம்மா அதைக் குற்றப்பத்திரிகையாகவே எடுத்துக்கொண்டு, கதை முடியும்வரை பக்கத்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தனியாகப் போய்ப் புகார் சொன்னதற்கு ஆசிரியை கொடுத்த பதில், இந்த வகுப்பில் கிடைத்த மிக உருப்படியான பாடம் என்று சொல்லலாம். குவில்டுக்கும் அரட்டைக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்கக் கிராமங்களில் ‘குவில்டிங் பீ’ என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, துணியை விரித்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே தைத்தார்கள். அலபாமாவில் கறுப்பினப் பெண்கள் 1966-ல் கூட்டுறவு தொடங்கியபோதும் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்றுதான் பெயர் வைத்தார்கள். ஆனால் கூடித் தைத்தது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தை, அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் தையல் ஓட்டுவதை. துண்டு வெட்டிச் சேர்க்கும் கணக்கு வேலையை அவரவர் வீட்டில் தனியாக முடித்துவிட்டே வந்தார்கள். நம் பக்கத்தில் உத்தர கன்னடத்துச் சித்திப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் ‘கவந்தி’ முழுக்கக் கைத்தையல். ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே சுற்றி வரும். அதில் கால் அங்குலக் கணக்குக் கிடையாது. வாய்க்கும் தடை வேண்டியதில்லை.

அதனால் ஆசிரியை யாரையும் திட்டவில்லை. ஹாலை இரண்டாக்கினார். கட்டரும் மெஷினும் இருக்கும் பக்கம் போன் ஆஃப், வாயும் ஆஃப். ஜன்னலோரம் பெரிய சட்டத்தைப் போட்டு, கைத்தையலுக்கு வருகிறவர்கள் கிரீன் கார்டு, பல், மருமகள் எது வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டுவிட்டார். அங்கே மாமி ராணி. பேச்சின் தாளத்துக்கு ஊசியும் ஓட, தையல் ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்த மாதிரி விழுந்தது. கேஷியர் அம்மாவின் கைத்தையலோ ஒன்று அரிசி, ஒன்று அவரை.

மாமியின் குவில்ட்தான் முதலில் முடிந்தது. ரோஜாக் கறையோடு, பேரன் பெயரை மூலையில் தைத்து, நியூ ஜெர்சிக்கு பார்சல் போனது. போய்ச் சேர்ந்த செய்தி வீடியோ காலில் வந்தது. பார்சல் சார்ஜ், பேரன் கட்டிப்பிடித்துக்கொண்ட அழகு, சம்பந்தி பொறாமைப்பட்டது எல்லாம் ஒரு வாரம் ஓடியது.

அதற்கு அடுத்த வாரம் மாமி சட்டத்தருகே வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார்.

“மருமக வாஷிங் மெஷின்ல வெந்நீர்ல போட்டுட்டாளாம். இப்போ முழுக்க ரோஸ்.”

“குளிர்ந்த தண்ணியிலதான் துவைக்கணும்னு நீங்க சொல்லலையா?” என்றார் கேஷியர் அம்மா.

“எங்கே சொல்ல விடறா? நான் போன் பண்ணினா அவளே பேசிண்டிருக்கா!”