வீடற்றவனின் வீட்டுக்கு வழி

வா தம்பி. கழுத்துல கேமரா, கையில ‘வீடற்றவன்’ நாவல். வீடே இல்லாதவனோட வீட்டைக் காட்டுங்கன்னு கொழும்புல இருந்து ஹட்டனுக்கு வந்திருக்கிற மொத ஆளு நீதான். வந்தது வந்துட்ட, வழி சொல்றேன் கேட்டுக்க.

ரயில் ஓடுற நாளாப் பாத்து ஏறு. ஹட்டனை விட்டதுமே சிங்கமலைச் சொரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல கும்மிருட்டு. அதையும் போட்டோ எடுக்காத. கொட்டகலை தாண்டினா சென்கிளயர் அருவி தெரியும். பழைய படத்துல கொட்டுற மாதிரி கொட்டலன்னா அருவியத் திட்டாத. மேல் கொத்மலைத் திட்டக்காரங்க தண்ணியக் கரண்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

தலவாக்கலை தாண்டி வட்டகொடையில எறங்கி, மடக்கொம்பரைத் தோட்டம்னு கேளு. ஒன் கையில இருக்கிற நாவல எழுதின சி.வி. வேலுப்பிள்ளை 1914ல பொறந்த மண்ணு. “எந்த வேலுப்பிள்ளை, ஸ்டோர்ல வேல செய்றவரா?”ன்னு யாராச்சும் திருப்பிக் கேட்டா கோவிச்சுக்காத. அவரு 1947ல தலவாக்கலையில ஜெயிச்சுப் பார்லிமெண்டுக்குப் போனவரு. அடுத்த வருசம் நம்ம தோட்டத்துச் சனத்தோட குடியுரிமை போச்சு, அதுக்கடுத்த வருசம் ஓட்டும் போச்சு. ஓட்டுப் போட்டவனையே இல்லன்னு ஆக்கிட்ட பெறகு மெம்பர் மட்டும் எங்கிட்டு இருப்பாரு?

இப்ப தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கு வருவோம். நீ பாக்க வந்ததே அதானே.

அயர்லாந்துல டப்ளின்னு ஒரு டவுனாம். அங்க ஜேம்ஸ் ஜாய்ஸ்னு ஒருத்தரு நாவல்ல எழுதின வீட்டை இடிச்சுட்டாங்க. வாசக்கதவ மட்டும் கழட்டிப் பத்திரமா வச்சிருக்காங்கன்னு பேத்தி சொல்லுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒத்தக் கதவுக்கு இம்புட்டுப் பெருமையா! நம்ம பக்கம் நாவல்ல வந்த வீட்டையே இடிக்காம வச்சிருக்கோம். பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பரா, முன்னுக்கு இஸ்தோப்பு, பொகை புடிச்ச தகரம், எல்லாருக்கும் பொதுவா ஒரு தண்ணிப் பீலி. எழுத்தாளன் எழுதினதுல ஒரு வரி பிசகல. வெள்ளக்காரன் கட்டுனதாச்சேன்னு மரியாத! தொரை பங்களாவுக்குத்தான் அந்த மரியாத இல்ல. அங்கங்க ஹோட்டலாக்கி, சுடுதண்ணிக் கொழாய் வச்சு, கதையில இருந்த அழகையே கெடுத்துட்டாங்க.

நடுவுல ஒரு ஆபத்து வந்துச்சு. 2017ல மோடி நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோட இன்னும் 10,000 வீடு கட்டித் தர்றோம்னாரு. நானும் பயந்துதான் போனேன், இலக்கியச் சின்னமெல்லாம் அழிஞ்சிருமேன்னு. நல்ல வேள, இங்க யாருக்கும் அவசரம் கெடையாது.

கதையில வர்ற ஆளுங்களையும் பாக்கணுமா? அப்ப நீ தப்பான ரயில் ஏறிட்ட. 1964ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து நம்ம சனத்துல 525,000 பேர இந்தியாவுக்குன்னு கணக்கு எழுதினாங்க. அப்பறம் வருசக்கணக்கா மூட்ட முடிச்சோட தலைமன்னார்ல கப்பலேத்தினாங்க. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் போய்த் தேடு. இங்க ‘இந்தியாக்காரன்’னு பேரு வாங்கினவன் அங்க ‘சிலோன்காரன்’னு பேரு வாங்கித் தேயிலைக்குள்ளயே நிப்பான்.

பழசுதான் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா மஸ்கெலியாவுக்குப் போ. பழைய டவுனு மவுசாகலை அணைத் தண்ணிக்குள்ள கெடக்கு. நல்ல வெயில் காஞ்சு தண்ணி எறங்கினா கோயில் மேல தெரியும். மழ பேஞ்சிருந்தா திரும்பி வந்துரு. சாமி தரிசனத்துக்குத் தேதி குறிக்கிறது மின்சார சபை.

அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்க. லயத்துல தேத்தண்ணி குடுப்பாங்க, தூசித் தூளா இருக்கேன்னு மொகம் சுளிக்காமக் குடி. நல்ல தூளெல்லாம் ஒன்ன மாதிரி ஊர் பாக்கக் கப்பலேறிப் போயிருச்சு. இன்னொண்ணு, மலையில கொழுந்தெடுக்கிற புள்ளைகள நிறுத்தி, கூடைய இப்புடித் திருப்பு, கொஞ்சம் சிரின்னு கேக்காத. சாயங்காலம் நெறுவையில கிலோ கொறஞ்சா அவளுக்கு அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம்தான் விழும். மிச்ச அரைப்பேர நீ போடுவியா?