தொட்டால் நகரு, விட்டால் சும்மா இரு

லேப்டாப் வாங்க வருகிறவர் கேட்பது ஒன்றும் பெரிய வரம் இல்லை. திரையில் எழுத்து தெரிய வேண்டும். டச்பேடைத் தொட்டால் அம்புக்குறி நகர வேண்டும். தொடாதபோது சும்மா இருக்க வேண்டும். மூன்றாவதுதான் சிக்கல். டைப் அடிக்கும்போது உள்ளங்கை லேசாக உரசினால் போதும், கர்சர் மூன்று வரி மேலே தாவி, ‘இப்படிக்கு’ என்பதைக் கொண்டுபோய் ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்கு நடுவில் செருகிவிடும்.

திரைக்கு வருவோம். வெகுகாலம் 1366-க்கு 768 புள்ளிகள் என்பதே மலிவு லேப்டாப்பின் தலையெழுத்து, 15.6 அங்குலத் திரையானாலும் அதே. வடிவம் 16-க்கு 9, சினிமா பார்க்கத் தோது. எக்செல்லில் கணக்குப் போடுகிறவருக்கோ மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக நடுவில் ஒரு சந்து மிஞ்சும். பளபளக்கும் திரை என்றால் உபரி வசதி: தலை வாரிக்கொள்ளலாம்.

டச்பேடுக்குத் திரும்பினால், திங்க்பேட் லேப்டாப்களில் நடந்த கூத்து தனி. 2013-இல் எக்ஸ்240, டி440 மாடல்களில், கீபோர்டு நடுவே இருக்கும் சிவப்புக் குமிழால் அம்புக்குறியை நகர்த்துகிறவர்கள் உயிராய் நினைத்த தனிப் பொத்தான்களைப் பிடுங்கி, டச்பேடையே அமுங்கும் பலகையாக்கினார்கள். எழுந்த கூச்சலில், 2015-இல் எக்ஸ்250, டி450 வந்தபோது பொத்தான்களும் வந்துவிட்டன. எடுத்ததும் முன்னேற்றம், திருப்பி வைத்ததும் முன்னேற்றம்!

திரையிலும் இதே கதைதான். இப்போது சற்று உயரமான 16-க்கு 10 திரை மறுபடி வந்திருக்கிறது. 2005 வாக்கில் பல லேப்டாப்களில் இருந்த அதே உயரம்தான். பழைய விலையை மட்டும் கூட்டிவர மறந்துவிட்டார்கள்.