நிக்கதுக்கு ஒரு மேசையாம்!

ஏலே பேராண்டி, மேசை வாங்கப் போறியாமே? நல்ல காரியம். பொண்ணு பாக்கதுக்குக்கூட உங்க அப்பன் இத்தனை போட்டோ பாக்கல. ராத்திரி பூரா போன நோண்டிட்டு, விடியக்காலம் கண்ணு செவந்து வந்து எங்கிட்ட ஒரு படத்தக் காட்டுத. வெள்ளை மேசை. அதுமேல ஒரு லேப்டாப்பு, ஒரு காப்பிக் கோப்பை, ஒரு குட்டிச் செடி. வயரு ஒண்ணையும் காணோம். கரண்டு எங்கன இருந்துலே வருது? சாமி குடுக்கா?

படத்துல இருக்க மேசையில எவனும் வேலை பாக்கல, கேட்டியா? வேலை பாத்த மேசைன்னா கரண்டு பில்லு கிடக்கும். தைலக் குப்பி கிடக்கும். பாதி தின்ன முறுக்குப் பொட்டலம், மூடி தொலைஞ்ச பேனா, எந்தப் போனுக்குன்னே தெரியாத சார்ஜரு எல்லாம் கிடக்கும். ஓம் மேசையும் அப்பிடித்தான் ஆவப்போவுது. பொறவு அந்தச் செடிய எங்கன வைக்கப் போற?

கண்ணுக்குப் பிடிச்ச மேசையாத் தேடுத. அதுல உக்காந்து பாடுபடப் போறது கண்ணா? முழங்கையும் முழங்காலும் இடுப்பும்லா! அதுகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

கடைக்குப் போனா மேசையத் தடவிக்கிட்டு நிக்காத. நாற்காலியப் போட்டு உக்காரு. ரெண்டு பாதமும் தரையில பதியணும். தோளத் தொங்கவிடு. முழங்கைய மடக்கு. கை எந்த உயரத்துல நிக்கோ, பலகை அங்கன இருக்கணும். அம்புட்டுத்தான் சாஸ்திரம். இதுக்கு எர்கனாமிக்ஸுன்னு ஒரு பேரு வச்சு, அந்தப் பேருக்குத் தனியா ஒரு விலையும் வச்சிருக்காவ.

கடையில நிக்க மேசை முக்காவாசி 29, 30 அங்குல உயரம். நல்ல வளத்தியான ஆளுக்குச் சரி. நம்ம வீட்டுப் பிள்ளைய அஞ்சடி, அஞ்சேகால் அடி. தரையில கால் பதிச்சு உக்காந்தா அதுகளுக்கு முழங்கை 24, 25 அங்குலத்துலதான் நிக்கும். மேசை அதுக்கு மேல தூக்கி நின்னா என்ன ஆவும்? தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறிக்கிடும். பொழுதுசாய, "கழுத்து வலிக்கி தாத்தா"ன்னு வந்து நிக்கும். தைலம் தேச்சா தீருமாலே? மேசைக் கால அறுத்தா தீரும். மரக்காலுன்னா ஆசாரி ஒரு டீ குடிக்க நேரத்துல அறுத்துப் போடுவாரு. இரும்புக் காலுன்னா நாற்காலிய ஒசத்திக்க, பாதத்துக்குக் கீழ ஒரு பலகை போட்டுக்க. பலகை இல்லியா? ஓம் பத்தாங்கிளாஸ் கைடெல்லாம் பரண்ல சும்மாதான கிடக்கு. இப்பவாவது ஒனக்கு ஒதவட்டும்.

நடுவுல இழுப்பறை வச்ச மேசையப் பாத்தா கொஞ்சம் யோசி. உள்ள என்னத்த வைக்கப் போற? ஒரு ஸ்டேப்லரும் பழைய சினிமா டிக்கெட்டும். அதுக்காக நாள் பூரா தொடையில இடி வாங்கணுமா?

அந்தக் காலத்து மண்டியில கணக்குப்பிள்ளை தரையில சம்மணம் போட்டு உக்காந்திருப்பாரு. முன்னால சாய்வு மூடி போட்ட சின்னப் பெட்டி. மேல பேரேடு, உள்ள துட்டு. எழுத வாக்கா மூடி சாஞ்சு நிக்கும். ஒரு மண்டியோட வரவு செலவு பூரா அந்த ஒண்ணரையடிப் பலகையில நடந்துச்சு. நீ ஈமெயில் அனுப்ப ஆறடி மேசை கேக்குத. அனுப்பிட்டு மிச்ச நாலரையடியில என்ன செய்வ, வத்தல் காயப் போடுவியா?

சரி, அத விடு. இப்பப் புதுசா ஒண்ணு வந்திருக்காம்லா, நின்னுக்கிட்டே வேலை பாக்க மேசை. பொத்தான அமுக்குனா மோட்டாரு முனகிக்கிட்டே மேல ஏறுமாம். இன்னொரு பொத்தான் அமுக்குனா எறங்குமாம். விலை 20,000 ரூவாயத் தாண்டிச் சாதாரணமாப் போவுது. கரண்டு போச்சுன்னா? எங்கன நின்னுச்சோ அங்கனயே நிக்கும். நீயும் நிக்க வேண்டியதுதான்.

ஏலே, ஒரு ஜவுளிக்கடைக்குள்ள போயிப் பாரு. காலையில வந்த பிள்ளைய கடை அடைக்க மட்டும் நிக்கும். காலு வீங்கி, நரம்பு முடிச்சு முடிச்சாப் புடைச்சு நிக்கும். அதுகள உக்கார வைக்கதுக்கு 2021ல தமிழ்நாட்டுச் சட்டசபையில சட்டம் கொண்டாந்தாவ, கடையில வேலை பாக்கவுகளுக்கு இருக்கை குடுக்கணும்னு. கேரளாவுல அதுக்கும் முந்தி, 2018லயே வந்துட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில ஒரு பிள்ளை உக்கார ஸ்டூல் கிடைக்காதான்னு ஏங்குது. மாடியில ஏ.சி. ரூமுல ஒருத்தன் நிக்கதுக்குத் தவணை கட்டுதான். இந்தக் கூத்த நான் யாருகிட்டச் சொல்லிச் சிரிக்க?

உக்காந்தே கிடந்தா ஒடம்புக்கு ஆவாதுதான். அத நான் இல்லங்கல. நாள் பூரா நின்னாலும் ஆவாது. அப்பப்ப எந்திரிக்கணும். எந்திரிக்கதுக்கு மோட்டாரு எதுக்குலே? தண்ணிச் செம்ப அடுக்களையில வையி. தாகம் எடுத்தா நடந்துதான ஆவணும்? போன் வந்தா முத்தத்துல உலாத்திக்கிட்டே பேசு. டாக்டர் சொல்லி வாங்குதவன் வாங்கட்டும், அது வேற கதை. பக்கத்து சீட்டுக்காரன் வாங்கிட்டான்னு வாங்குதவனத்தான் சொல்லுதேன்.

கண்ணாடி மேசை வேணுமோ? கைரேகை துடைக்கவே பொழுது சரியாப் போவும். மவுசு அதுல முக்காவாசி ஓடாது. கீழ ஒரு பழைய பேப்பர விரிப்ப. கண்ணாடிக்குத் துட்டக் குடுத்து, காயிதத்தப் போட்டு மூடுதது ஒரு கெட்டிக்காரத்தனம்.

பலகைக்கு வா. கடைக்காரன் இன்ஜினியர்டு வுட்டும்பான். வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்க ஊருல மரத்தூளும் பட்டம் வாங்கிட்டுபோல. தூளையும் செதிலையும் பசை போட்டு அமுக்குன பலகை அது. மேல ஒட்டியிருக்க தாளு, நான் தேக்காக்கும்னு சத்தியம் பண்ணும். காஞ்ச எடத்துல இருக்க மட்டும் ராசாதான். ஓரத்துப் பட்டை பேந்து ஒரு தம்ளர் தண்ணி உள்ள எறங்குச்சோ, உப்பிரும். உப்புனது வத்தாது. ஒருக்கா கழத்தி மாட்டுனா திருகாணியும் பழையபடி பிடிக்காது, துளை பொடிஞ்சிரும். நீயோ 11 மாச அக்ரிமெண்டுல வாடகைக்கு இருக்கவன். வீட்டுக்காரன் எப்பம் கிளம்பச் சொல்லுவான்னு அவனுக்கே தெரியாது.

ப்ளைவுட்டுன்னா முத்திரையப் பாரு. ஐ.எஸ். 303னு இருந்தா வீட்டு வேலைக்கு. 710னா மரைன் ப்ளைவுட்டு, தண்ணியத் தாங்கும், விலையும் கூட. கடைக்காரன் 710தான் ஒசத்தின்னு தலையில கட்டப் பாப்பான். ஓம் மேசை என்ன கடலுக்கா போவுது? பொறவு, ஒரு மூலையப் பிடிச்சு நல்லா ஆட்டு. கடைக்காரன் மொறைப்பான். மொறைக்கட்டும். பின்னால குறுக்குச் சட்டம் இல்லாத மேசை, நீ டைப் அடிக்கயில தானும் ஒரு ஆட்டம் போடும்.

அமெரிக்காவுல ஜெஃப் பெசோஸ்னு ஒருத்தரு. 1990கள்ல அமேசான் கடைய ஆரம்பிச்ச புதுசுல, மேசைக்குத் துட்டு போட மனசில்லாம, கதவ வாங்கி நாலு கட்டையக் காலா அடிச்சு மேசையாக்கிட்டாரு. அந்தக் கம்பெனியில சிக்கனத்துக்கு யோசனை சொல்லுதவுகளுக்குக் கதவு மேசை பேருலயே ஒரு விருதும் உண்டு. கதவுல எழுதுனவரு கோடீஸ்வரரா ஆயிட்டாரு. நீ அவரு கடையில போயி மோட்டாரு மேசை தேடுத. ரெண்டு பேருல வெவரமானவன் யாருலே?

கதவுக்கு நம்ம ஊருல பஞ்சமா? பழைய வீடு இடிச்ச மரம் விக்க கடைக்குப் போ. ரெட்டைக் கதவுல சோடி தப்புன ஒத்தக் கதவு சொவத்துல சாஞ்சு கிடக்கும். அகலம் ரெண்டடிக்குக் குறையாமப் பாத்து எடு. திரை ஒரு கை தூரத்துல நிக்கணும், இல்லன்னா கண்ணு நோவும். பழைய கதவுல சட்டத்துக்கு நடுவுல பலகை பள்ளமா இருக்கும், அப்பிடியே போட்டா பேனா உருண்டு பள்ளத்துல போயி விழும். மேல ஒரு ப்ளைவுட்டுத் துண்டப் போட்டு சன்மைக்கா ஒட்டச் சொல்லு. ஒட்டயில அந்தத் தாப்பாள் ஓட்டைய மட்டும் மூட விட்டுராத. வயரு எறக்க அதவிடத் தோதான ஓட்டை ஏது? கடையில இதே ஓட்டைக்கு கேபிள் மேனேஜ்மெண்டுன்னு பேரு வச்சு ரூவா வாங்குதான்.

ஆங், எந்த மேசையா இருந்தாலும் துட்ட எடுத்துக் குடுக்கதுக்கு முன்னால உங்க மாடிப்படித் திருப்பத்த அளந்துக்க. லிஃப்டையும் அள. நீளம் அகலம்லாம் பாத்துப் பாத்து வாங்கிட்டு, திருப்பத்துல மேசை நொழையாம முழிச்சவன் எத்தனை பேரு! பொறவு கயித்தக் கட்டி பால்கனி வழியாத் தூக்கணும். தூக்குதவன் கேக்க கூலிக்கு இன்னொரு மேசை வாங்கிரலாம். தெருவே கூடி நின்னு, "வலத்தப் பிடி, இடத்த விடு"ன்னு ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும். முன்வரிசையில நாற்காலியப் போட்டு உக்காந்து, சத்தமாச் சொல்லுதது நானாத்தான் இருப்பேன்.