கோடரியா, பீரங்கியா?

வைக்கிங்கும் கரீபியக் கடற்கொள்ளையனும் மோதினால் யார் ஜெயிப்பார்? இருவருக்கும் நடுவே 600 வருஷத்துக்கு மேல் இடைவெளி என்று சொல்லி நழுவப் பார்த்தேன். அக்கா மகன் விடவில்லை. அவன் வைக்கிங் கட்சி. தலையில் அட்டைக் கொம்பு வேறு. அந்தக் கொம்புக்கும் வைக்கிங்குக்கும் சம்பந்தமே இல்லை. 1876-ல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் மாட்டிவிட்டது, இன்றுவரை கழற்ற முடியவில்லை.

தரையில் என் ஓட்டும் வைக்கிங்குக்குத்தான். கேடயத்தோடு கேடயம் கோத்து நின்று, மேலே கோடரியை ஓங்கினால் எவன் கிட்டப் போவான்? ஆனால் ஆசாமிகள் விவரமானவர்கள். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் புகுந்தார்கள். எதிரே நின்றவர்கள் துறவிகள். 845-ல் பாரிசுக்குப் போனார்கள். மன்னர் வழுக்கை சார்லஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பிவைத்தார். கொடுத்துப் பழக்கினால் வராமல் இருப்பார்களா? 885-ல் இன்னும் பெரிய கூட்டமாக வந்து பாரிசை வளைத்துக்கொண்டார்கள்.

கப்பல் அவர்களுக்கு டவுன் பஸ் மாதிரி. ஏறினோமா, இறங்கினோமா, அவ்வளவுதான். நார்வேயில் கோக்ஸ்டாட் மேட்டில் தோண்டியெடுத்த கப்பல் சுமார் 23 மீட்டர் நீளம். மிதக்க இடுப்பளவு தண்ணீர் போதும். ஆற்றில் ஏறி ஊர் வாசலிலேயே இறக்கிவிடும். கடலிலேயே சண்டை வந்துவிட்டால்? கப்பல்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, அதன்மேல் நின்று வெட்டிக்கொள்வார்கள். 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்வோல்டரில் மன்னர் ஓலாஃப் டிரிக்வசன் அப்படித்தான் நின்றார், தோற்றார், கடலில் குதித்தார். நடுக்கடலிலும் தரையைத் தேடியவர்களை நான் கடற்படை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொள்ளையனிடம் பீரங்கி இருந்தது. பிளாக்பியர்ட் என்ற கொள்ளையர் தலைவரின் கப்பலில் சுமார் 40. கோடரிக்காரன் கிட்ட வருமுன்னே கதை முடிந்துவிடும். ஆனால் சரக்குக் கப்பலைச் சுட்டால் சரக்கும் சேர்ந்து முழுகுமே! அதனால் கொடியைக் காட்டி மிரட்டுவதோடு சரி. தொப்பிக்கடியில் திரியைக் கொளுத்திப் புகையோடு வந்து நிற்பாராம் பிளாக்பியர்ட். 1718-ல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து, ஆட்களைப் பிடித்துவைத்துக் கேட்டது என்ன தெரியுமா? ஒரு மருந்துப் பெட்டி! அதே ஆண்டு நவம்பரில் மேனார்ட் என்ற கடற்படை அதிகாரி தன் ஆட்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்தார். தளம் காலியாகக் கிடக்கிறதென்று பிளாக்பியர்ட் தாவி ஏற, அத்தனை பேரும் மேலே வந்தார்கள். 5 குண்டு, 20 வெட்டு வாங்கிய பிறகுதான் மனிதர் சாய்ந்தார். கைகலப்பிலும் சளைத்தவரில்லை.

ஆகவே தரை வைக்கிங்குக்கு, கடல் கொள்ளையனுக்கு. யாரிடம் வேலைக்குச் சேர்வாய் என்றால் எனக்கு யோசனையே வேண்டாம்: கொள்ளையர் தலைவர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ். அவர் கப்பலில் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. சண்டையில் காலோ கையோ போனால் 800 வெள்ளி நாணயம். இரவு 8 மணிக்கு விளக்கணைப்பு. அதற்குமேல் குடிப்பவன் மேல்தளத்துக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு. எங்கள் தெரு விழாக் கமிட்டியிடம் இதில் பாதியைக்கூட நான் வாங்கியதில்லை.