தரைக்கு எத்தனை போர்வை?

லேமினேட் தரைக்கு அடியில் மின்சாரச் சூடேற்றி பதிப்பது, செய்து முடித்த பிறகு பார்க்க எதுவும் மிஞ்சாத வேலைகளில் ஒன்று. பிரிட்டனில் ஒரு வீட்டுக்காரர் விடுப்பு எடுத்து, முழங்கால் தேயப் பாடுபட்டு இதை முடித்தபின் உள்ளே வருகிறவர் காண்பது ஓர் அறையை, அவ்வளவுதான். தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அதையும் கதவு மட்டுமே கவனிக்கும். ஆகவே இத்தகைய வீடுகளில் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டன் தமிழர் வீடுகளுக்கு இந்தச் சிரமம் இல்லை.

தரைக்கு அடியில் கணப்பு வைப்பது புதிய எண்ணமல்ல. ரோமானியர்கள் குட்டைத் தூண்களின் மேல் தரையைத் தூக்கி நிறுத்தி, அடியில் உலையின் வெப்பக் காற்றை ஓடவிட்டார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் அந்தத் தூண்களை இன்றும் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். கொரியர்கள் அடுப்புப் புகையைப் படுக்கையறைத் தரைக்கல்லின் கீழே செலுத்தி, சோறு வெந்த கையோடு முதுகுக்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்கள். அதன் பெயர் ஓண்டொல். ரோமானியர் மூட்டை கட்டிய பிறகு பிரிட்டனில் இந்தக் கலை மங்கிப்போய், நெருப்பு மறுபடி சுவரோரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

லேமினேட் என்பது மரமல்ல, மரத்தின் புகைப்படம். மரநாரை அழுத்திச் செய்த பலகையின் மேல் ஓக் மரத்தின் படத்தை ஒட்டி, அதன் மேல் தேயாதிருக்க மெலமின் பிசினைப் பூசியிருப்பார்கள். ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் இதைக் கண்டுபிடித்தது. படமானாலும் மரத்தின் குணம் விடவில்லை: ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும், அதிகம் சுட்டால் மூட்டு விடும். அதனால் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 27 டிகிரியில் சென்னைக்காரர் மின்விசிறியைப் போடுவார். பிரிட்டன்காரர் அதே 27 டிகிரிக்காகக் கடன் வாங்குகிறார்.

அடுத்தது டாக் கணக்கு. டாக் என்பது துணி எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதை அளக்க மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையம் 1940களில் உருவாக்கிய அலகு. பிரிட்டனில் பஞ்சுப் போர்வை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்: கோடைக்கு 4.5 டாக், கடுங்குளிருக்கு 13.5. தரைக்கும் இதே அலகுதான். சூடேற்றிக்கு மேலே வருபவை அனைத்தும் சேர்ந்து 1.5 டாக்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது தரை போர்த்திக்கொள்ளலாம், ஆனால் கோடைப் போர்வையில் மூன்றில் ஒரு பங்குதான். காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே தடித்த விரிப்பைப் போடுகிறவர், சூட்டை வாங்கி அதன் தலையிலேயே கம்பளியைப் போட்டு மூடுகிறார்.

அடுக்குகள் கீழிருந்து மேலாக வரும். முதலில் சமன் செய்த, உலர்ந்த தரை. அதன் மேல் 6 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் பலகை. பணத்தை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடத் தோன்றும், விடக் கூடாது. கான்கிரீட்டுக்குக் கொடுத்த சூடு கைமாற்றாகக் கொடுத்த பணம் மாதிரி. கொஞ்சம் திரும்பி வரும், தேவைப்படும்போது வராது. பலகைக்கு மேல் சூடேற்றி: இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே மெல்லிய கம்பி வளைந்து வளைந்து ஓடும், அரை மீட்டர் அகலச் சுருள். கடைசியில் லேமினேட்.

சுருள் வாங்குமுன் அளக்க வேண்டும். நான்குக்கு மூன்று மீட்டர் அறை என்றால் 12 சதுர மீட்டர். அலமாரியும், காலில்லாத சோபாவும் நிற்கும் இடத்தைக் கழித்தால் 10 மிஞ்சும். கழிப்பது கட்டாயம், அடியில் சிக்கிய சூடு போக வழியில்லாமல் கம்பியையும் பலகையையும் பதம் பார்க்கும். சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் 1500 வாட். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். சோபாவுக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும் சுருள் இராது; ஆகையால் இனி அதை எங்கே போடுவது என்ற குடும்ப வாக்குவாதம் சுருள் விரிக்கும் நாளோடு சட்டப்படி முடிவுக்கு வருகிறது. பலர் பணம் கொடுத்து வாங்கியது இந்த அமைதியைத்தான் என்று தோன்றுகிறது.

சுவர் வந்ததும் சுருளைத் திருப்ப வேண்டும். தாளை வெட்டலாம், கம்பியை வெட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று படவும் கூடாது. பத்து சதுர மீட்டர் சுருளை ஒன்பதரை சதுர மீட்டர் இடத்துக்கு வாங்கியவர் மிஞ்சிய ஒரு மீட்டர் நீளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலைப் பார்க்கும் கணம் இந்த வேலையின் உச்சக்கட்டம். கத்தரிக்கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுச் சின்னச் சுருளாக மாற்றி வாங்குவதுதான் வழி.

மல்டிமீட்டர் மூன்று முறை வெளியே வரும்: பெட்டியைப் பிரித்ததும், விரித்து முடித்ததும், பலகை மூடியதும். 1500 வாட் சுருளுக்குச் சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். முதல் இரண்டு முறை 35 காட்டி மூன்றாவது முறை எதுவும் காட்டவில்லை என்றால், பலகை அடிக்கும்போது எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. அந்த இடம் அநேகமாக எதிர்ச்சுவரோரம், முதலில் போட்ட பலகைக்குக் கீழே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டின் உணரி இரண்டு கம்பி வளைவுகளுக்கு நடுவே கிடக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் அறை முழுவதும் வெந்துவிட்டதாக அது நம்பிவிடும். மின் இணைப்பை வீட்டுக்காரர் கொடுக்காமலிருப்பது நல்லது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிடி தேவை; இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்வேலைக்கு ‘பார்ட் பி’ என்ற கட்டட விதியும் உண்டு.

லேமினேட் பலகைகளைப் பிரிக்காமல் இரண்டு நாள் அதே அறையில் படுக்க வைக்க வேண்டும், அறையின் தட்பவெப்பம் பழக. பிறகு சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் போட்டுக்கொண்டு வரலாம். கதவை முன்கூட்டியே கழற்றி அடிப்பகுதியைச் சீவிவிட வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு தரை போட்டவர், வேலை முடிந்ததும் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் நாளே 27இல் வைக்காமல், நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்ற வேண்டும். செலவு: நான்கு மணி நேரம் நிற்காமல் எரிந்தால் 6 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் ஒன்றரை பவுண்டு. தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். எந்த மூலை முதலில் சூடாகும் என்பதைப் பூனை கண்டுபிடித்துச் சொல்லும்.

பலகை மூடுமுன் கம்பி ஓடும் வழியைப் படம் எடுத்து வைப்பது அவசியம். ஓக் மரத்தின் படம் வந்து மூடிவிட்டால் அப்புறம் எதுவும் தெரியாது. அந்தத் தரையில் ஆணியோ திருகாணியோ இறங்கக் கூடாது. கதவுத் தடுப்பான் வேண்டுமென்றால் சுவரில் வைக்கலாம்.