பாஞ்சாலி கூந்தல் முடித்த பிறகு

லண்டனில் நாடகம் பத்தரைக்கு முடியும். மதுக்கடையை வழக்கமாகப் பதினொன்றுக்குச் சாத்துவார்கள். பாவம் அந்த ஜனங்கள், ஹாம்லெட்டின் துக்கம் மொத்தத்தையும் அரை மணி நேரத்தில் குடித்துத் தீர்க்க வேண்டும். சித்தூர்ச் சீமையில் அந்த அவசரமே இருந்ததில்லை. பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் தருமராஜா கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதக் கதை, ராத்திரி முழுக்கக் கூத்து. கட்டியக்காரன் ஊர்ப் பெரிய மனுஷர்களைக் கிண்டலடித்து, துச்சாதனன் சேலையை இழுத்து ஓய்வதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். மரத்திலிருந்து கள் இறங்குவதும் அதே வேளைதான். பாரதமும் கோடையில், பனங்கள்ளும் கோடையில். இதை வியாசரே யோசித்துச் செய்தாரோ என்னவோ.

அர்ச்சுனன் தபசு அன்று நட்டுவைத்த பனைமரத்தில் வேஷக்காரர் ஏறுவார். சிவனிடம் பாசுபதம் வாங்கத்தான். கீழே சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதில் பாதிப் பேர் பக்கத்துத் தோப்பில் ஏறிய இன்னொருவர் இறங்கிவிட்டாரா என்று கவலைப்பட்டிருப்பார்கள். அவர் கொண்டுவருவது உடனே வேலை செய்யும் அஸ்திரம்.

“மாமா, துரியோதனன் செத்தானா?”

“தொடை உடைஞ்சு கிடக்கான். அவ கூந்தல் முடிஞ்சதும் போயிடலாம் வா.”

இந்த நல்ல ஏற்பாட்டில் கை வைத்தவர் ராஜாஜி. 1937இல் தம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த வருஷமே சித்தூருக்கும் கடப்பைக்கும் அந்த பாக்கியம் வந்தது. வட ஆற்காட்டுக்கு வந்தது 1939இல்தான். ஆக ஒரு வருஷ காலம் சித்தூர் ஜில்லா காய்ந்துகிடக்க, எல்லைக்கு அப்பால் சட்டப்படி நனைந்துகொண்டிருந்தார்கள். கூத்துக் கலைஞர்கள் எல்லை தாண்டி ஆடப் போவது பழைய வழக்கம். ரசிகர்களுக்கும் திடீரென்று அண்டை ஜில்லாக் கலை மீது ஈடுபாடு வந்திருந்தால் குற்றம் சொல்ல முடியுமா?

கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. குடிகாரன் தனியாளாகத் தாங்கிய கஜானாவை இனி ஊரே சேர்ந்து தாங்க வேண்டியதாயிற்று. அவனுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. பதநீருக்கு மட்டும் தடையில்லை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது சத்துப் பானம், தடவ மறந்தால் குற்றம். ஒரு விரல் சுண்ணாம்பு ஒரு மனுஷனை உத்தமனாக்கிய காலம் அது.

வட ஆற்காட்டிலும் கடையைச் சாத்திய கொஞ்ச நாளில், உலகப் போர் விவகாரத்தில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1948இல் ராஜதானி முழுக்கத் திரும்ப வந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போனது. மறு வருஷமே பிரகாசம் மந்திரிசபை மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. திருத்தணி 1960இல் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. மாநிலங்கள் கோடு போட்டு விளையாடின. கோட்டின் எந்தப் பக்கம் ஈரம் என்பதைக் கூத்து பார்ப்பவன்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ்நாடு 1971இல் கடையைத் திறந்தது, 1974க்குள் சாத்தியது, 1981இல் மறுபடி திறந்தது. 1987இல் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தது, சீமைச் சரக்கை விட்டுவிட்டு. அப்போது கள் தேடிய தமிழன் சித்தூர்ப் பக்கம் பார்த்தான்.

அந்தப் பக்கம் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தவர் என்.டி.ராமராவ். ஒரே படத்தில் கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் மூவராகவும் நடித்தவர். பாரதம் பார்த்த சனத்துக்கு எது தேவை என்று அவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அதே ஆகஸ்டில் மருமகன் சந்திரபாபு நாயுடு அவரிடமிருந்து கட்சியை எடுத்துக்கொண்டார், செப்டம்பரில் முதலமைச்சரானார், 1997இல் மதுவிலக்கைத் தளர்த்தினார். கஜானா காலி என்று காரணம் சொன்னார்கள். மருமகனுக்குச் சொந்த ஊர் அன்றைய சித்தூர் ஜில்லா நாராவாரிப்பள்ளி. மாமனாரைக் கவிழ்த்தது தர்மமா என்று அந்த ஜில்லாவில் ரொம்ப நாள் விவாதித்தார்கள், பெரும்பாலும் கடை வாசலில்.